தார் இல்லாத ஆயிரத்து நானூறு மீட்டர்

தேர்னா, 1957 மே 6

அனுப்புநர்: தூரி கஃப்லிஷ், மேற்பார்வையாளர், வடக்கு மாகாணச் சாலைப் பிரிவு
பெறுநர்: ரெமீஜோ தொன்யோலா, மேற்பார்வையாளர், தெற்கு மாகாணச் சாலைப் பிரிவு, பெரோல்லா

ஐயா,

உரேசா கணவாயின் வடபுறத்தில் பனி வெட்டும் வேலையை இன்று காலை ஏழு மணிக்குத் தொடங்கினோம். ஆட்கள் ஏழு, இயந்திரம் ஒன்று, மண்வெட்டிகள் பன்னிரண்டு. மண்வெட்டி அதிகமாயிற்றே என்று உங்களுக்குத் தோன்றலாம். மேலிடம் மண்வெட்டிக்கு எண்ணிக்கை குறித்திருந்தது, ஆளுக்குக் குறிக்க மறந்துவிட்டது.

சென்ற ஆண்டு மே மாதம் நாம் இருவரும் தொலைபேசியில் பேசிக்கொண்டதைக் கேட்டுவிட்டு, இணைப்பகத்துப் பெண்மணி இரண்டு மாகாணங்களுக்கும் புகார் எழுதினார். இனி நமக்கிடையே எல்லாம் கடிதத்தில்தான், நகல் கோப்பில் இருக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கணவாய் மூடியிருக்கும்வரை கடிதம் ரயிலேறி மலையைச் சுற்றிக்கொண்டு வர இரண்டு நாளாகிறது. அதற்குள் கோபம் ஆறிவிடும் என்று மேலிடம் நம்புகிறது. மேலிடத்தில் யாருக்கும் மச்சான் இல்லை போலிருக்கிறது.

விதிப்படி அவரவர் தம் பக்கத்திலிருந்து எல்லைக்கல் வரை வெட்ட வேண்டும், அதற்குமேல் ஒரு மீட்டரும் கூடாது. உச்சியில் சந்தித்ததும் கைகுலுக்கிப் பாதையைத் திறக்க வேண்டும். உங்கள் பக்கம் என்றைக்குத் தொடங்குகிறது என்பதைத் தெரிவிக்கவும்.

தூரி கஃப்லிஷ்

(இனி வருவது கார்பன் தாளை உருவிவிட்டு எழுதியது.)

மச்சான், எர்சிலியா எப்படி இருக்கிறாள்? அக்டோபரில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்தவள் உனக்கு அக்கா என்பது சரி, எனக்கு மனைவி என்பதும் சரி. ஏழு மாதத்தில் மூன்று கடிதம் எழுதினேன். மூன்றும் பிரிக்காமலே திரும்பின. மூன்றாவதில் மட்டும் உறையின் மேல் முகவரியில் இருந்த ஒரு பிழையைத் திருத்தி அனுப்பியிருந்தாள். இதை நல்ல அறிகுறியாக எடுத்துக்கொள்வதா?

நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். கேட்கவில்லை என்றும் சொல்ல வேண்டாம்.


பெரோல்லா, மே 9

அத்தானுக்கு,

'ஐயா'வை எல்லாம் உங்கள் கோப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள். கோப்புக்கு வேண்டியது ஒரு வரிதான்: எங்கள் இயந்திரத்தில் பெல்ட் அறுந்திருக்கிறது, புதியது வந்ததும் தொடங்குவோம்.

மற்றதெல்லாம் உங்களுக்கு. அக்கா நன்றாக இருக்கிறாள். நானும் நன்றாக இருக்கிறேன், கொஞ்சம் அதிகமாகவே. என் மனைவி போன பிறகு ஆறு வருடம் என் கையால் சமைத்ததை நானே தின்று வாழ்ந்தவன். இப்போது வாரம் இரண்டு முறை முயல் கறி, தினமும் சோளக்களி, ஞாயிற்றுக்கிழமை ஆப்பிள் வைத்துச் சுட்ட பணியாரம். அக்டோபருக்குப் பிறகு இடுப்புவாரில் மூன்று ஓட்டை போட்டிருக்கிறேன். செருப்புத் தைப்பவர் நான்காவதற்கு வாரில் இடமில்லை என்கிறார்.

உங்களைப் பற்றி அவளிடம் கேட்கவில்லை. கேட்காமலே சொன்னாள். நேற்று முயலை அரிந்துகொண்டே சொன்னதை அப்படியே தருகிறேன்:

"வெயில்ல உக்கார வைக்கிறேன்னு சொல்லித்தான் அந்த மனுஷன் என்னைக் கட்டிக்கிட்டார். இருபத்தாறு வருஷமா நெழல்ல காத்துக்கிட்டிருக்கேன். இன்னும் மூணு வருஷம் வேலை பாக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கார். அதை எனக்கு யார் சொன்னா தெரியுமா? ரொட்டிக்கடைக்காரி. வாழ்த்து வேற சொன்னா."

தேர்னாவில் நவம்பர் ஒன்பதில் மறைகிற சூரியன் பிப்ரவரி பத்தில்தான் மலைக்கு மேல் எட்டிப் பார்க்கிறது. தொண்ணூற்று மூன்று நாள். எங்கள் ஊரிலிருந்து ஒரு பெண்ணை அங்கே கொண்டுபோய் வைத்தீர்கள். அறுபது வயதில் ஓய்வு, அன்றே பெரோல்லாவுக்குக் குடிபெயர்வு என்று எங்கள் அப்பாவின் முன்னால் சொன்னீர்கள். நானும் பக்கத்தில் இருந்தேன்.

ரயிலில் போய்ப் பேசிவிட்டு வாயேன் என்று ஒரு நாள் சொன்னேன். அதற்கும் பதில் வைத்திருந்தாள்.

"ரயில்ல போனா விருந்தாளி மாதிரி போய் எறங்கணும். கணவாய் வழியா வந்தேன், போறதா இருந்தா கணவாய் வழியாத்தான் போவேன். பாதை தொறக்கிற அன்னிக்கு அவர் மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டு முடிவு பண்றேன். தங்கறதா, பொட்டியை எடுத்துக்கிட்டு ஒரேயடியா இங்க வந்துடறதான்னு."

ஆக எல்லாம் பாதையில்தான் இருக்கிறது. பெல்ட் வரட்டும்.

ரெமீஜோ


தேர்னா, மே 14

ஐயா,

உங்கள் பெல்ட் பற்றிய தகவல் கோப்பில் சேர்க்கப்பட்டது. கொண்டை ஊசி வளைவுகள் பதினொன்றையும் முடித்து நேற்று மேட்டுச் சமவெளியை எட்டிவிட்டோம். வழக்கத்தைவிட நான்கு நாள் முன்னதாக. ஆட்கள் ஏன் இந்த அவசரம் என்று கேட்கிறார்கள். பருவநிலை என்று சொல்லியிருக்கிறேன்.

சமவெளியில் பனி ஆறு மீட்டர். சென்ற அக்டோபரில் சாலையோரமாக நட்ட குறிக்கம்புகளின் நுனி மட்டும் ஒரு சாண் வெளியே தெரிகிறது. கம்பைப் பிடித்துக்கொண்டு போகிறோம். மூடுபனியால் இரண்டு கம்புகளுக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

ஒரு சிறு விஷயம். இயந்திரம் அடிவரை வாரிய இடங்களில் தார் தெரியவில்லை. காய்ந்த புல் தெரிகிறது. நான்காம் கம்பருகே மாட்டுச் சாணம் இருந்தது. சாலையில் சாணம் கிடப்பது புதிதல்ல. சாணத்துக்குக் கீழே சாலை இல்லாததுதான் புதிது. தார், சென்ற ஆண்டு வெயிலில் உரிந்திருக்கலாம்.

தூரி கஃப்லிஷ்

(கார்பன் இல்லை.)

மச்சான், அந்தக் கையெழுத்தைப் பற்றி. செப்டம்பரில் தலைமைப் பொறியாளர் கூப்பிட்டார். காபி கொடுத்தார். இந்த அலுவலகத்தில் முப்பத்தைந்து வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் காபி. "உம்மை விட்டா அந்த மேட்டுல ரோடு எங்க இருக்குன்னு யாருக்கய்யா தெரியும்?" என்றார். அப்படி ஒருவர் சொன்னால் உனக்கு எப்படி இருக்கும்? காபி ஆறுவதற்குள் கையெழுத்துப் போட்டிருந்தேன். வீட்டுக்கு வரும் வழியில் நானே அவளிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அன்று அவளுக்குத் தலைவலி. மறுநாள் துணி துவைக்கும் நாள். அதற்கடுத்த நாள் ரொட்டி வாங்கப் போனாள்.

அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றா சொன்னாள், மூஞ்சி என்றா? நீ எழுதியதில் மூஞ்சி என்றிருக்கிறது. சரிபார்த்துச் சொல்லவும்.


பெரோல்லா, மே 17

அத்தான்,

மூஞ்சிதான்.

பெல்ட் வந்தது, தொடங்கினோம், முடித்தும் விட்டோம். எங்கள் பக்கம் சூரியன் பாதி வேலையைச் செய்துவிடுகிறது, சம்பளமும் கேட்பதில்லை. நேற்று மதியம் எல்லைக்கல்லை எட்டினோம். கல்லைச் சுற்றித் துடைத்து, மேலே பாலாடைக்கட்டியையும் மதுப்புட்டியையும் வைத்துவிட்டு, உங்களுக்காக மாலைவரை உட்கார்ந்திருந்தோம். இன்றும் உட்கார்ந்தோம். பாலாடைக்கட்டி முடிந்துவிட்டது.

நீங்கள் எங்கே அத்தான் இருக்கிறீர்கள்? எங்களுக்கு எதிரே, சாலை வரவேண்டிய இடத்தில், ஆறு மீட்டர் பனிச்சுவர் யாரும் தொடாமல் நிற்கிறது. மூடுபனியில் உங்கள் இயந்திரத்தின் சத்தம் மட்டும் கேட்கிறது. காலையில் மேற்கே கேட்டது. பத்து மணிக்குப் பக்கத்தில் வந்தது. பிறகு விலகிப் போனது. மதியம் சாப்பிடும்போது காலையில் கேட்ட அதே இடத்திலிருந்து மறுபடியும் கேட்டது. மலையில் எதிரொலி ஏமாற்றும் என்று என் ஆட்களிடம் சொன்னேன். "எதிரொலி ஒரு சுத்து சுத்திட்டு வருமாண்ணே?" என்று கேட்கிறார்கள்.

விதிப்படி நான் கல்லைத் தாண்டக் கூடாது. நமக்கிடையே அரை கிலோமீட்டர் இருக்கலாம். இந்தக் கடிதம் இருநூறு கிலோமீட்டர் ரயிலில் சுற்றிக்கொண்டு உங்களிடம் வரும்.

சத்தம் கேட்கிறது என்று சொன்னதும் அக்கா சாப்பாட்டு வண்டியில் ஏறி மேலே வந்தாள். கல்மேல் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "என்ன பண்ணிக்கிட்டிருக்கார் இந்த மனுஷன்?" என்றாள். எனக்குத் தெரிந்திருந்தால் சொல்லியிருப்பேன்.

ரெமீஜோ


உரேசா மேட்டுக் கொட்டகை, மே 20

ஐயா,

நான் எங்கே என்று கேட்டிருக்கிறீர்கள். கணக்குப்படி நான் எல்லைக்கல்லைத் தாண்டி நாற்பது மீட்டர் உங்கள் மாகாணத்துக்குள் இருக்கிறேன். அனுமதியின்றி நுழைந்ததற்கு வருத்தம். ஆனால் கல்லைக் காணவில்லை, உங்களையும் காணவில்லை. இயந்திரத்தின் முன் இன்று பனிக்கட்டி தட்டுப்பட்டது. துளையிட்டுப் பார்த்ததில் கீழே தண்ணீர் இருக்கிறது. எனக்குத் தெரிந்து உரேசாவில் ஏரி ஒன்றுதான். அது சாலையிலிருந்து முந்நூறு மீட்டர் மேற்கே இருந்தது. எப்போது நகர்ந்தது என்று தெரியவில்லை.

வெட்டிய பாதையின் வரைபடத்தை இணைத்திருக்கிறேன். எழுபது கம்புகள், இருபது மீட்டர் இடைவெளி, ஆயிரத்து நானூறு மீட்டர். சில இடங்கள் எனக்கே விளங்கவில்லை. இருபத்து மூன்றாம் கம்பில் பாதை ஒரு பாறையின் அருகில் போய் முட்டி, நின்று, திரும்புகிறது. முப்பத்தெட்டிலிருந்து நாற்பத்தைந்துவரை முழு வட்டம். தட்டையான நிலத்தில், ஏற்றமும் இறக்கமும் இல்லாத இடத்தில், நம் தாத்தாக் காலத்துப் பொறியாளர்கள் எதற்காகச் சாலையை ஒரு சுற்றுச் சுற்றினார்கள்? முப்பத்தைந்து வருடமாக அதில் வண்டி ஓட்டியிருக்கிறேன், ஒருமுறைகூடத் தலை சுற்றியதில்லை. அறுபத்தொன்று, அறுபத்திரண்டு, அறுபத்து மூன்று ஆகிய மூன்று கம்புகளும் ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்கின்றன. அதற்குப் பிறகு பாதை அம்புபோல நேராக ஏரிக்குப் போகிறது.

கம்புகளை நான்தான் நட்டேன். கம்பு நட்ட இடம் சாலை. ஆகவே சாலை இதுதான். கல்தான் இடம் மாறியிருக்க வேண்டும்.

தூரி கஃப்லிஷ்

(கார்பன் இல்லை.)

மச்சான், நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். கல்லை நகர்த்தினாயா? பெல்ட் அறுந்தது என்றாய். புது பெல்ட் ஒரு வாரமாகியும் வராத ஊரா பெரோல்லா? பாதை திறந்தால் உன் அக்கா கிளம்பிவிடுவாள், முயல் கறி நின்றுவிடும். இடுப்புவார் ஓட்டைக்காக ஒரு மாகாணத்தின் எல்லையை நகர்த்தத் துணிந்தாயா?

நகர்த்தவில்லை என்றால் சொல். அப்போது எனக்கு இன்னும் பயமாக இருக்கும். இந்த மேட்டில் சாலை எங்கே என்று தெரிந்த ஒரே ஆள் நான் என்று சொல்லித்தான் அந்தக் காபியைக் கொடுத்தார்கள்.


பெரோல்லா, மே 23

அத்தான்,

கல்லை நான் தொடவில்லை. அது ஒன்றரை டன்.

பெல்ட் விஷயத்தில் நீங்கள் சொன்னது சரி. புது பெல்ட் மேசை இழுப்பறையிலேயே இருந்தது. ஒரு வாரம் இழுப்பறையைத் திறக்காமல் இருந்தேன். ஆறு வருடம் தனியாகச் சாப்பிட்டவன் ஒரு வாரம் கூடுதலாக ஆசைப்பட்டேன். இதற்குமேல் நீங்கள் திட்டுவதானால் திட்டுங்கள். இந்த வரிகளுக்கு நகல் எடுக்கவில்லை.

உங்கள் வரைபடம் நேற்று மாலை வந்தது. சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்து, இதென்ன சாலையா, நூல்கண்டைப் பூனை உருட்டிய தடமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா தட்டு எடுக்க வந்தவள் நின்றாள். கையைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். பிறகு சிரித்தாள். அத்தான், அக்டோபருக்குப் பிறகு இந்த வீட்டில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அப்புறம் தண்ணீர் மட்டும் வந்தது.

"இது ரோடு இல்லைடா," என்றாள். "இது எங்க சண்டை."

என் பென்சிலைப் பிடுங்கிக் குறித்துக்கொண்டே சொன்னாள். அன்றைக்கு நீங்கள் கம்பு நடக் கிளம்பியபோது, கம்பு ஏற்றிய குதிரைச் சறுக்குவண்டியோடு அவளும் வந்திருக்கிறாள். அவள் கையில் இருந்த பையில் மதியச் சாப்பாடு இருக்கிறது என்று நீங்கள் நினைத்தீர்களாம். சமவெளி தொடங்கும் இடத்தில்தான் சொன்னாளாம், நான் தம்பி வீட்டுக்குப் போகிறேன், பையில் இருப்பது துணி என்று. ஒரு சாண் பனி விழுந்து சாலை மூடியிருந்தது. அவள் சாலையை விட்டு இறங்கி மேய்ச்சல் நிலத்தில் நடந்தாள். நீங்கள் பின்னாலேயே போனீர்கள். உங்கள் பின்னால் உங்கள் ஆட்களும் குதிரையும் கம்புகளும். பேசிக்கொண்டே போய், இருபது மீட்டருக்கு ஒரு தடவை கையை நீட்டினீர்களாம். நீட்டின இடத்தில் அவர்கள் கம்பை நட்டார்கள்.

இருபத்து மூன்றாம் கம்பின் பாறை: அவள் காலணிக்குள் போன கல்லை எடுக்க உட்கார்ந்த இடம். முழு வட்டம்: "இங்கதான் 'உனக்காகத்தான் செஞ்சேன், உனக்காகத்தான் செஞ்சேன்'னு என்னைச் சுத்திச் சுத்தி வந்தார். நான் எந்தப் பக்கம் திரும்பினாலும் முன்னால வந்து நின்னார்." அந்த வட்டத்துக்கு எட்டுக் கம்பு செலவழித்திருக்கிறீர்கள்.

ஒரே இடத்தில் மூன்று கம்புகள் இருக்கின்றனவே, அங்கே பென்சில் நின்றுவிட்டது. என்ன நடந்தது என்று கேட்டேன்.

"ஒண்ணும் நடக்கலை. 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்வாருன்னு நின்னேன். அவரும் நின்னார். கையை மட்டும் மூணு தடவை நீட்டினார். என்னைக் கூப்பிடத்தான் நீட்டறாருன்னு நான் நெனைச்சேன்."

அங்கிருந்துதான் ஏரிவரை நேர்கோடு. ஏரியை அவள் சுற்றிக்கொண்டு வந்து எங்கள் பக்கம் இறங்கினாள்.

இதைக் கோப்பில் எப்படிச் சேர்ப்பீர்கள் என்று தெரியவில்லை. நாளைக் காலை ஆறு மணிக்குப் பனிக்காலணி மாட்டிக்கொண்டு எல்லைக்கல்லைத் தாண்டி உங்களிடம் வருகிறாள். பாதை திறக்கட்டுமே என்று சொல்லிப் பார்த்தேன். "அவர் வெட்டற பாதை என்னிக்கும் தொறக்காது," என்றாள். பையைக் கையில் எடுக்கவில்லை. அதற்கு என்ன பொருள் என்று கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

இந்தக் கடிதம் உங்களுக்குக் கிடைப்பது சனிக்கிழமை. அவள் வெள்ளிக்கிழமையே வந்திருப்பாள். உத்தரவு உத்தரவுதானே.

ரெமீஜோ


உரேசா மேடு, மே 24, பிற்பகல் மூன்றே முக்கால்

மச்சான்,

இதை ரயிலில் அனுப்பவில்லை. என் ஆள் ஒருவன் பனிமேல் நடந்து கொண்டுவருகிறான். நீ கல்லருகே இருப்பாய் என்று தெரியும். உத்தரவை மீறியதற்கு நான் பொறுப்பு. நீ ஏதாவது எழுதியிருந்தால் அது எனக்கு நாளைக்கு வரும். அதற்குள் எல்லாம் நடந்துவிட்டது.

காலை எட்டு மணிக்கு மூடுபனி விலகியது. நாங்கள் ஏரிக்கரையில், ஆறு மீட்டர் பள்ளத்தில், இயந்திரத்தைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டிருந்தோம். மேலே பனிச்சுவரின் விளிம்பில் எர்சிலியா நின்றாள். முதலில் காலைத்தான் பார்த்தேன். உன் பனிக்காலணி என்பதால் நீ என்று நினைத்துக் கல்லைப் பற்றி நாலு வார்த்தை திட்டிவிட்டேன். நான் முடிக்கும்வரை அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க என்ன பண்றீங்க?" என்றாள்.

ரோட்டைத் திறக்கிறேன் என்றேன்.

"யார் போறதுக்கு?"

அவள் இறங்கவில்லை. நான் பள்ளத்தில், அவள் மேட்டில், நடுவில் ஏழு ஆட்கள் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் மண்வெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டி பன்னிரண்டு இருந்தது வசதியாகப் போயிற்று. அவள் மேலே நின்றபடியே வரைபடத்தை விரித்து ஒவ்வொரு கம்பாகச் சொன்னாள். பாறை, வட்டம், மூன்று கம்புகள். எனக்கு அன்றைக்குப் பேசியதெல்லாம் சொல் மாறாமல் நினைவிருக்கிறது, மச்சான். எங்கே நடந்தேன் என்பது மட்டும் நினைவில் இல்லை. கம்பு நட்டதாக ஞாபகம் இருந்தது. கம்பு நட்டால் அது சாலையோரமாகத்தான் இருக்கும் என்று முப்பத்தைந்து வருடமாகப் பழகிவிட்டது.

பால்ட்ஸரைக் கூப்பிட்டேன். என்னோடு இருபது வருடம் வேலை செய்கிறவன், அன்றைக்குக் குதிரையை ஓட்டியவனும் அவன்தான். தெரிந்திருந்தால் ஏனய்யா சொல்லவில்லை என்று கேட்டேன்.

"நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டிருந்தீங்க மேஸ்திரி. குடும்ப விஷயம், நடுவுல பூந்து ரோடு அந்தப் பக்கம்னு சொன்னா மரியாதையா இருக்காதேன்னு விட்டுட்டோம்."

"சரி, இப்ப? இந்தப் பதினோரு நாளா?"

"கம்பு இருக்கிற எடம்தான் ரோடுன்னு நீங்கதானே எங்களுக்குச் சொல்லிக் குடுத்தீங்க," என்றான்.

ரோடு எங்கேதான் இருக்கிறது என்று கேட்டேன். யாரிடம் கேட்டேன் என்று எனக்கே தெரியவில்லை. நாங்கள் சுவரேறி மேலே வந்ததும் எர்சிலியா திரும்பிக் கிழக்கே முந்நூறு மீட்டர் தள்ளி ஒரு வெற்று வெள்ளையைக் காட்டினாள். "அதோ. அந்த ரெண்டு மேட்டுக்கும் நடுவுல." எனக்கு ஒரு மேடும் தெரியவில்லை. அங்கே போய் இரும்புக்கம்பியை இறக்கிப் பார்த்தோம். ஐந்து மீட்டர் எழுபதில் தார். முதல் குத்திலேயே.

உனக்கு எப்படித் தெரிந்தது என்றேன்.

"அன்னிக்கு நீங்க என் மூஞ்சியைப் பாத்துக்கிட்டே வந்தீங்க. நான் ரோட்டைப் பாத்துக்கிட்டே நடந்தேன். ரோடு எங்கன்னு தெரிஞ்சாத்தானே அதை விட்டு வெலகிப் போக முடியும்."

தலைமைப் பொறியாளர் என்னிடம் சொன்னதை நான் அவளிடம் சொன்னேன். காபி உட்பட. இதை அவளிடம் நான் சொல்வது இதுதான் முதல் தடவை. அப்படியானால் அந்தக் காபி எனக்கு வந்திருக்க வேண்டியது என்றாள். கோபமா, வேடிக்கையா என்று தெரியவில்லை. வெயில் அவள் பின்னாலிருந்து அடித்ததால் முகம் தெரியவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பார்த்து முடித்த பிறகு வீட்டுச் சாவியைக் கேட்டாள். கொடுத்தேன். 'போகாதே' என்று சொல்ல வாயெடுத்தேன், ஆனால் அவள் போவது என் வீட்டுக்கு. அங்கே போகாதே என்று எப்படிச் சொல்வது? சாப்பாட்டு லாரியில் ஏறித் தேர்னாவுக்கு இறங்கிப் போய்விட்டாள்.

தங்கப் போயிருக்கிறாளா, பெட்டியை எடுக்கப் போயிருக்கிறாளா?

பதினோராம் வளைவுக்கு மேலிருந்து தொலைநோக்கியில் பார்த்தால் எங்கள் வீட்டுக் கூரை தெரியும். மூன்று மணிக்குப் புகைபோக்கியில் புகை வந்தது. பெட்டி எடுக்க வந்தவள் அடுப்பு மூட்டுவாளா? மூட்டமாட்டாள் என்று முதலில் தோன்றியது. பத்து நாளாக நான் கொட்டகையிலேயே படுத்திருப்பதால் வீடு சில்லிட்டுக் கிடக்கும், விறைத்த விரலால் பெட்டிக்கு வார் கட்ட முடியாது என்று அடுத்துத் தோன்றியது. ஆட்களிடம் கேட்டேன். நாலு பேர் தங்குவார் என்றார்கள், மூன்று பேர் போவார் என்றார்கள். இதைக் கோப்பில் சேர்க்கவில்லை.

இத்துடன் ஒட்டிய உறை ஒன்று இருக்கிறது. தலைமைப் பொறியாளருக்கு. மூன்று வருட நீட்டிப்பு வேண்டாம், செப்டம்பரில் விலகுகிறேன் என்று எழுதியிருக்கிறேன். உன் ஊர்த் தபாலில் சேர்த்துவிடு, என் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் இரவுக்குள் திரும்ப எடுத்துவிடுவேன். எழுதியது இரண்டு மணிக்கு. அதாவது புகைக்கு முன்னால். உறையின் மேல் நேரம் குறித்திருக்கிறேன், பால்ட்ஸர் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். அவளிடம் இதைச் சொல்லவில்லை. சொன்னால், நான் தங்க வேண்டும் என்பதற்காகத்தானே எழுதினீர்கள் என்பாள். அதற்காகத்தான் எழுதினேன்.

உன் இயந்திரத்தைக் கல்லைத் தாண்டி இந்தப் பக்கம் கொண்டுவா. விதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இரண்டு பக்கமும் சேர்ந்து வெட்டினால் நாலு நாளில் சரியான சாலை முடிந்துவிடும். தவறான சாலையை மேலிடத்துக்கு என்னவென்று எழுதுவது என்று நீயும் யோசித்து வை.

புதன்கிழமை பாதை திறக்கிறது. அவள் எந்தப் பக்கம் இறங்குவதாக இருந்தாலும் வண்டியை நான்தான் ஓட்டப்போகிறேன்.

தூரி